எட்டாவது வழக்கு

கொலை 12+2. வன்புணர்வு 19. முயற்சி 15.

தென்கொரியாவின் பூசான் சிறையில் இருந்த ஓர் ஆயுள் கைதி, 2019இல் தன்னை விசாரிக்க வந்த போலீசாரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு இது. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எண்களைவிட நடுவில் இருந்த கூட்டல் குறிதான் என்னை உறுத்தியது. பதினான்கு என்று எழுதினால் போதாதா? போலீஸ் பின்னால் உறுதி செய்த பட்டியலைப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஹ்வாசோங்கிலும் அதை ஒட்டிய பகுதியிலும் பன்னிரண்டு, தள்ளியிருக்கும் சோங்ஜூ நகரில் இரண்டு. ஊர் வாரியாகப் பிரித்து வைத்திருந்திருக்கிறான். இருபத்தைந்து வருஷம் சிறையில் இருந்தவன், கணக்கை மறக்கவில்லை.

அவன் பெயர் லீ சூன்-ஜே. 1963இல் பிறந்தவன். ராணுவத்தில் டேங்க் படைப் பிரிவில் இருந்துவிட்டு 1986 ஜனவரியில் ஊர் திரும்பினான். அடுத்த மாதமே பெண்களைத் தாக்கத் தொடங்கிவிட்டான். அந்த செப்டம்பரில், 71 வயது மூதாட்டி ஒருவர் கொல்லப்பட்டார். அங்கிருந்து 1991 ஏப்ரல் வரை பத்துக் கொலைகள். செத்தவர்களில் மிகவும் சின்னவளுக்கு வயது 13. இந்தப் பத்தும்தான் கொரியாவில் ‘ஹ்வாசோங் தொடர் கொலைகள்’ என்று முப்பது வருஷம் பேசப்பட்டன.

எப்படிக் கொன்றான் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கென்றே எழுதப்பட்டவை நிறைய இருக்கின்றன. எனக்கு இந்த வழக்கில் பிடிபடாமல் உறுத்திக்கொண்டே இருப்பது வேறு.

ஹ்வாசோங் அப்போது நகரம் இல்லை. தலைநகர் சோலுக்குத் தெற்கே, கியோங்கி மாகாணத்தில், வயலும் வரப்பும் சிறு தொழிற்கூடங்களுமாக இருந்த நாட்டுப்புறம். பஸ்ஸை விட்டு இறங்கினால் விளக்கில்லாத வயல்பாதையில் நடந்துதான் வீடு சேர வேண்டும். அந்தப் பாதைதான் அவனுக்கு வசதியாக இருந்தது. தேடுதலுக்கு மொத்தம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட போலீஸ் ஆள்-நாட்கள் (ஒருவரின் ஒருநாள் வேலை ஓர் ஆள்-நாள்) செலவாயின. 21,000 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். சுமார் 40,000 பேரின் கைரேகை எடுக்கப்பட்டது. இதெல்லாம் போதாமல், வயல் நடுவே ஒரு சோளக்கொல்லைப் பொம்மையும் நின்றது. சரணடையாவிட்டால் கை கால் அழுகிச் சாவாய் என்று அதன்மேல் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பொம்மையின் படத்தைப் பார்த்திருக்கிறேன். இருபது லட்சம் ஆள்-நாள் உழைப்புக்கும் ஒரு வைக்கோல் பொம்மையின் சாபத்துக்கும் அந்த ஊரில் ஏறத்தாழ ஒரே பலன்தான் இருந்தது.

மழை நாளில் சிவப்பு உடை போட்ட பெண்களைத்தான் கொல்கிறான் என்று ஒரு பேச்சு கிளம்பி ஊரெல்லாம் பரவியது. பிற்பாடு சரிபார்த்தால் அந்தக் கதையில் சத்து இல்லை. எங்கே பார்த்தாலும் இப்படி ஒரு கதை கிளம்பத்தான் செய்கிறது. கொலைகாரன் யார் என்று தெரியாதபோது, செத்தவள் என்ன உடுத்தியிருந்தாள் என்ற ஆராய்ச்சி தானாகத் தொடங்கிவிடும்.

இத்தனைக்கும் அவன் ஒளிந்து வாழவில்லை. அதே ஊர்க்காரன். போலீஸ் அவனை ஒருமுறை அல்ல, மூன்று முறை விசாரித்திருக்கிறது. விட்டதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது ரத்த வகை. சம்பவ இடங்களில் கிடைத்தவற்றை வைத்து, குற்றவாளியின் ரத்த வகை ‘பி’ என்று போலீஸ் முடிவு கட்டியிருந்தது. லீக்கு ‘ஓ’. கிடைத்த காலடித் தடத்தின் அளவும் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரத்த வகைச் சோதனை பொய் சொல்லாது. ஆனால் அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் வில்லங்கம். ‘ஓ’ வகைக்காரனின் உடல் திரவத்தில் ஏ, பி என்ற அடையாளம் இரண்டுமே இருக்காது. அதோடு ‘பி’ வகையுள்ள இன்னொருவரின் திரவம் கலந்துவிட்டால் சோதனையில் ‘பி’ மட்டும்தான் தெரியும். இருவர் கலந்த மாதிரியை ஒருவருடையது என்று படித்தால், சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவன் காகிதத்தில் பிறப்பான். ஹ்வாசோங்கில் இதேதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘பி’ என்ற அந்த ஓரெழுத்து பல வருஷம் ஊரிலுள்ள ஆண்களை இரண்டாகப் பிரித்து வைத்தது. தப்பான பக்கத்தில் இருந்தவர்களுக்கு அடி விழுந்தது. சரியான பக்கத்தில் லீ உட்கார்ந்திருந்தான்.

அவன் மாட்டியது வேறு வழக்கில். 1994 ஜனவரியில், சோங்ஜூவில், மனைவியின் தங்கையைத் தூக்க மாத்திரை கொடுத்து வன்புணர்ந்து கொன்றான். அந்தத் தாளின் கணக்கில் இது சேரவில்லை. முதலில் மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியதில் அது ஆயுளாகக் குறைந்தது. பூசான் சிறையில் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தான். ஹ்வாசோங்கில் தேடியவனும் இவனும் ஒன்று என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கேதான் டிஎன்ஏ வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த கதை என்று தாண்டிவிடலாம். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் எதைப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் கண்ணில் படாத ஓர் அழகு இருக்கிறது.

நம் மரபணுத் தொடரில், எந்த வேலையும் செய்யாதவை என்று தோன்றும் சில இடங்களில், நான்கைந்து எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு திக்குவாய் மாதிரி திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு ஓரிடத்தில் அது 11 முறை வந்தால் எனக்கு 14 முறை வரலாம். ஒவ்வோர் இடத்திலும் ஆளுக்கு இரண்டு எண்கள், அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஓரிடத்தை மட்டும் எண்ணினால் நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இருபது இடங்களில் எண்ணி, எண்களை வரிசையாக எழுதினால், அந்த வரிசை இன்னொருவருக்கு வாய்ப்பது அநேகமாக நடக்காது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர் தவிர. அவ்வளவுதான். முகமோ நிறமோ குணமோ அதில் தெரியாது. வெறும் எண் வரிசை.

அந்த எண்களை எடுக்க முன்பெல்லாம் காசு அளவு ரத்தக் கறையாவது வேண்டும். பிசிஆர் என்ற முறை வந்த பிறகு நிலைமை மாறியது. மாதிரியைச் சூடாக்கிக் குளிர்விக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வேண்டிய துண்டு இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, முப்பதாவது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத கறைகூடப் போதும் என்ற நிலை வந்தது இப்படித்தான். ஆனால் அந்தக் கறை இருக்க வேண்டும். ஈரம் படாமல், பூஞ்சை பிடிக்காமல், முப்பது வருஷம் யாரோ அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். ஆய்வகக் கருவியைப் பற்றிப் பத்திப் பத்தியாக எழுதுகிறவர்கள், கிடங்கில் பூட்டையும் உறையையும் பார்த்துக்கொண்ட அந்தப் பெயரில்லாத காவலரைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை.

கொரியாவில், கடுங்குற்றவாளிகளின் டிஎன்ஏவைச் சேகரித்துத் தரவுத்தளத்தில் வைக்கும் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. லீயின் மாதிரி 2011இல் எடுக்கப்பட்டது. கவனியுங்கள், 2011. அதாவது, அந்த ஆண்டிலிருந்து அவனுடைய எண் வரிசை அரசாங்கத்தின் ஒரு கணினியில் இருக்கிறது. அவன் தொட்ட துணிகள் அதே அரசாங்கத்தின் ஒரு கிடங்கில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்று சேர்த்துப் பார்க்க எட்டு வருஷம் ஆயிற்று. கைதிகளின் டிஎன்ஏ அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் பொறுப்பு. சம்பவ இடத்துத் தடயங்கள் தேசியத் தடயவியல் துறையின் பொறுப்பு. 2019 ஜூலையில், பழைய வழக்குகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்த மாகாணப் போலீசார் ஒன்பதாவது கொலையின் தடயங்கள் சிலவற்றை ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்டில் பதில் வந்தது. பிறகு ஐந்தாவது, ஏழாவது கொலைகளின் தடயங்களும் அதே ஆளைத்தான் காட்டின. செப்டம்பர் 18ஆம் தேதி செய்தி வெளியானது. முதலில் மறுத்தவன், சில நாட்களில் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தான்.

கொரியாவே அதிர்ந்தது. ஆனால் அவன்மேல் வழக்குப் போட முடியவில்லை. அந்தக் காலச் சட்டப்படி கொலைக்கு 15 வருஷம்தான் கெடு. அதற்குள் குற்றம் சாட்டாவிட்டால் காலாவதி. பத்தாவது கொலையின் கெடு 2006 ஏப்ரலில் முடிந்துபோயிருந்தது. அந்த நாட்டில் கெடுவை 2007இல் 25 வருஷமாக்கி, 2015இல் கொலைக்குக் கெடுவே இல்லை என்றாக்கினார்கள். ஏற்கெனவே காலாவதியானதற்கு அது பொருந்தாது. எனவே, பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டவனுக்கு அவற்றுக்காக ஒருநாள் தண்டனைகூடக் கூடவில்லை. பழைய ஆயுள் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருக்கிறான்.

பெரும்பாலான கட்டுரைகளும் காணொளிகளும் இந்த இடத்தில் முடிந்துவிடும். விஞ்ஞானம் வென்றது, தாமதமானாலும் உண்மை வெளிவந்தது, சுபம். எனக்கு இங்கேதான் கதை தொடங்குகிறது. ஏனென்றால் லீ ஒப்புக்கொண்டவற்றில், அந்தப் பத்து ஹ்வாசோங் கொலைகளில் எட்டாவதற்கு ஏற்கெனவே ஒருவர் தண்டனை அனுபவித்து முடித்திருந்தார்.

1988 செப்டம்பர் 16. மற்றக் கொலைகள் வயலிலும் வரப்பிலும் நடந்தவை. இது வீட்டுக்குள், 13 வயதுப் பள்ளிச் சிறுமியின் படுக்கையறையில் நடந்தது. அதனால் இது வேறு யாரோ பார்த்துச் செய்த போலிக் கொலை என்று போலீஸ் நினைத்தது. அறையில் சில முடிகள் கிடைத்தன. அவற்றை அணு உலைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அதிலுள்ள உலோகங்களை அளக்கும் முறை கையாளப்பட்டது. கொரியக் குற்ற வழக்கில் அதுதான் முதல்முறை. டைட்டானியம் போன்ற உலோகங்கள் அதிகம் என்று தெரிந்ததும், உலோகத்தோடு புழங்குகிற தொழிலாளிகள் பக்கம் தேடல் திரும்பியது. ஊர் ஆண்களிடம் முடி வாங்கினார்கள். விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்த ஓர் இளைஞரிடம் திரும்பத் திரும்ப வாங்கினார்கள். யூன் என்று மட்டும் சொல்கிறேன். 22 வயது. ஆரம்பப் பள்ளியையே முடிக்காதவர். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதால் ஒரு கால் சரியாக வராது.

1989 ஜூலையில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் தூங்கவிடவில்லை. அடித்தார்கள். கால் வராத ஆளை உட்கார்ந்து எழச் சொன்னார்கள். ஒப்புக்கொண்டார். ‘அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள்’ என்று நாம் ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். யாருக்கு உதவும் என்பதைத்தான் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. கேஸை முடிக்க வேண்டிய அதிகாரிக்கு அது நிச்சயமாக உதவியது.

ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில், அடித்து வாங்கிய வாக்குமூலம் என்றார். எடுபடவில்லை. உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. அடித்து வாங்கிய வாக்குமூலம் மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பக்கத்தில் அணு உலையிலிருந்து வந்த அறிக்கை இருந்ததே! உலோகங்களின் பெயர், தசமப் புள்ளிகள், நிபுணர் கையெழுத்து. பட்டறைக்காரர் அழுதுகொண்டு சொன்னதை அதன் எதிரே வைத்து எந்த நீதிபதி எடைபோடுவார்? விஞ்ஞானம் உண்மையை வெளிக்கொண்டு வந்தது என்று 2019இல் தலைப்புப் போட்டவர்கள், 1989இலும் விஞ்ஞானம்தான் அவரை உள்ளே தள்ளியது என்பதையும் அதே எழுத்தளவில் போட்டிருக்க வேண்டும். மறுவிசாரணையில், அந்த அறிக்கையை நம்ப முடியாது என்று நீதிமன்றமே சொன்னது.

பிற்பாடு தண்டனை 20 வருஷமாகக் குறைக்கப்பட்டு, 2009இல் பரோலில் வெளியே வந்தார். உள்ளே போனபோது 22. வெளியே வரும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். சிறையில் அவர் சொன்னதை நம்பிய காவலர் ஒருவர் இருந்தார் என்பது இந்தக் கதையிலுள்ள மிகச் சில நல்ல செய்திகளில் ஒன்று.

இந்தக் கட்டுரையில் நான் லீயை ‘அவன்’ என்றும் யூனை ‘அவர்’ என்றும் எழுதிக்கொண்டு வருவதைக் கவனித்திருப்பீர்கள். எழுதும்போது யோசிக்கவே இல்லை, கை தானாக அப்படிப் போட்டுவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. இதே கட்டுரையை 1990இல் எழுதியிருந்தால் யூன் ‘அவன்’ ஆகியிருப்பார். சிறுமியைக் கொன்ற பாவிக்கு மரியாதை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே ஊரில் குடியிருந்த லீ சூன்-ஜேயைப் போலீஸ் விசாரித்துவிட்டு அனுப்பியது என்று ஒரு வரி எழுத நேர்ந்தால், அங்கே ‘அவர்’ வந்திருக்கும். நம் மொழியில் ஒரு விகுதியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நீதிபதிக்காவது மேல்முறையீடு என்று ஒன்று உண்டு.

சரி, யூனை டிஎன்ஏ காப்பாற்றியதா? இந்தக் கேள்விக்கான பதில்தான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

எட்டாவது வழக்கின் தடயங்கள் கிடங்கில் இல்லை. அதுதான் ‘முடிந்த’ வழக்காயிற்றே. தீராத வழக்குகளின் துணிமணிகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள், தீர்ந்துபோன எட்டாவது வழக்கின் பொருட்களைக் கெடு முடிந்ததும் அழித்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. நம் வீட்டிலும் இதுதானே நடக்கிறது? கட்டாத பில்லைக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்போம். கட்டிய பில்லைக் கிழித்துப் போடுவோம். பல வருஷம் கழித்து, ‘நீங்கள் கட்டவே இல்லை’ என்று ஒருவன் வந்து நிற்கும்போதுதான் கிழித்த காகிதத்தின் அருமை தெரியும்.

தேடித் துழாவியதில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய அறிக்கை ஒன்றில் ஒட்டுநாடா போட்டு ஒட்டியபடி இரண்டு முடிகள் கிடைத்தன. சம்பவ இடத்து முடிகள். 2020இல் அவற்றை டிஎன்ஏ ஆய்வுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாதிரி போதாது, முடிவு சொல்ல இயலவில்லை என்று பதில் வந்தது.

ஆக, டிஎன்ஏ யூனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது வேறு கொலைகளின் துணியில் லீயைக் காட்டியது. மாட்டிக்கொண்ட லீ, எட்டாவதையும் நான்தான் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னதால்தான் யூனுக்குக் கதவு திறந்தது. ஒரு கொலைகாரனின் வாய்ச்சொல்! அவன் அந்தத் தாளில் 11+2 என்று எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும்? யூன் இன்றைக்கும் ‘அவன்’தான்.

இந்த இடத்தில் இங்கிலாந்துக்கு ஓர் எட்டுப் போய்விட்டு வர வேண்டும். ஹ்வாசோங்கில் முதல் கொலை நடந்த அதே 1986இல், லெஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு பள்ளிச் சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில்தான் டிஎன்ஏ முதன்முதலாகக் குற்ற விசாரணைக்குள் நுழைந்தது. 17 வயதுப் பையன் ஒருவன், இரண்டாவது கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தான். முதல் கொலையும் அவன் செய்ததுதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள, லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸிடம் போலீஸ் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அவர் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடித்திருந்தார். முடிவு வந்தது: இரண்டையும் செய்தது ஒரே ஆள், அது இந்தப் பையன் இல்லை. பிறகு சுமார் 5,000 ஆண்களிடம் ரத்தம் வாங்கித் தேடினார்கள். தனக்குப் பதிலாக உடன் வேலை செய்பவனை ரத்தம் கொடுக்க வைத்த காலின் பிட்ச்ஃபோர்க் என்பவன், அந்த ஆள் மதுக்கடையில் உளறியதால் 1987இல் மாட்டினான். டிஎன்ஏ குற்ற வழக்கில் முதலில் செய்த காரியம் ஒருவனைப் பிடித்ததல்ல, ஒருவனை விட்டது. தொலைக்காட்சித் தொடர்கள் இதை நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஹ்வாசோங்கிலும் ஒருமுறை அப்படி நடந்தது. ஒன்பதாவது கொலையில் 19 வயது இளைஞர் ஒருவரிடம் வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள். அப்போது கொரியாவில் டிஎன்ஏ சோதனை வசதி இல்லாததால் மாதிரியை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பொருந்தவில்லை. கொலைப் பழி நீங்கியது. ஆனாலும் போலீஸ் தொல்லையும் ஊர்ப் பேச்சும் விடவில்லை. சில வருஷங்களில் புற்றுநோயில் இறந்துபோனார். விசாரிக்கப்பட்டவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். லீயின் தாளில் இவர்கள் யாரும் வரவில்லை. 12+2இல் சேராத கணக்கு இது.

கொரியாவின் பாங் ஜூன்-ஹோ 2003இல் இயக்கிய ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்தில் இந்த வெளிநாட்டுச் சோதனைதான் உச்சக்கட்டம். படத்தில் மட்டும் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். நான் அதை மடிக்கணினியில், வசனம் ஒரு விநாடி முந்தி ஓடும் தமிழாக்க வரிகளோடு பார்த்தேன். கடைசிக் காட்சியில் துப்பறிவாளராக நடித்த சாங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்ப்பார். கொலைகாரன் என்றாவது இந்தப் படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்கத்தான் அந்தக் காட்சி என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்போது சிலிர்த்தது. லீ அந்தப் படத்தைச் சிறையில் பார்த்துவிட்டான். எதுவும் தோன்றவில்லை, சும்மா படம் மாதிரி பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னான்.

அதை அவன் சொன்ன இடம் சுவோன் நீதிமன்றம். 2020 நவம்பர் 2. யூனின் மறுவிசாரணை. கைதி உடையில் வந்து நின்றான், சாட்சியாக. குற்றவாளியாக அவனை அங்கே நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. சாட்சி என்பதால் படம் எடுக்கவும் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. நான் பெரிதாக மறைக்க முயலவில்லை, ஏன் மாட்டவில்லை என்று எனக்கே புரியவில்லை என்ற பொருளில் பேசினான். துப்பறிகிறவர்களை அடிக்கடி எதிர்கொண்டிருக்கிறான். அவர்கள் அவனைப் பற்றிக் கேட்கவில்லை, அக்கம்பக்கத்து ஆட்களைப் பற்றி அவனிடம் விசாரித்திருக்கிறார்கள். யூனிடம் மன்னிப்பும் கேட்டான். அதை எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

டிசம்பர் 17ஆம் தேதி யூன் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி மன்னிப்புக் கேட்டார். போலீஸ் அதற்கு முன்பே கேட்டிருந்தது. வெளியே பூங்கொத்து கொடுத்தார்கள். பிறகு இழப்பீடும் வந்தது. படங்களில் அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வைத்து நான் எதுவும் எழுத விரும்பவில்லை, அது அவருடையது.

ஊர்க்காரர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். முப்பது வருஷமாக எங்கள் ஊர்ப் பெயரைக் கொலைக்குச் சூட்டியிருக்கிறீர்கள், போதும் என்று. போலீஸ் ஏற்றுக்கொண்டது. இப்போது அதிகாரபூர்வமாக அது ‘லீ சூன்-ஜே தொடர் கொலைகள்’. வயல்கள் இருந்த இடத்தில் பெரும்பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டது.

அந்தத் தாளிலிருந்த பன்னிரண்டில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். 1989 ஜூலையில், யூனைப் பிடித்துக்கொண்டு போன அதே மாதத்தில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிவிட்டு வரும் வழியில் காணாமல் போனாள். போலீஸ் ஏட்டில் முப்பது வருஷம் அவள் ‘காணாமல் போனவள்’தான். லீ சொன்ன பிறகு தோண்டிப் பார்த்தால், அந்தக் காலத்துப் போலீசார் அவளுடைய உடைமைகளையும் உடலையும் கண்டுபிடித்துவிட்டு மறைத்திருந்தது தெரிந்தது. எட்டாவது வழக்கை அப்போதுதான் ‘முடித்து’ வைத்திருந்தார்கள். குடும்பம் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டு 2022 நவம்பரில் வென்றது. அதற்குள் அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவளுடைய உடைமைகள் கிடைத்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டதால், பக்கத்திலிருந்த பூங்காவில் 2019 நவம்பரில் தேடினார்கள். தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சந்தேகம் வந்த இடங்களைக் கையால் தோண்டி, மண்ணைச் சலித்தார்கள். குடும்பத்தார் வந்து பூ வைத்தார்கள். சோதனைக்கு அனுப்ப ஒரு சின்ன எலும்பு கிடைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நின்றார்கள். கிடைக்கவில்லை.